நம்ம சரக்கு

பதினொன்றே கால் மணிக்கு, காத்திருப்பவர்களில் நான்காவது ஆளாக, சென்னியப்பன் அந்த வெளிர்நீல நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்த உடனே, எழுந்திருக்கும்போது இதில் மஞ்சள் தடம் இருக்குமே என்று தோன்றியது. ஈரோட்டில் இத்தனை காலம் மஞ்சள் மண்டி நடத்துகிறவருக்கு வெள்ளை வேட்டி என்று ஒன்று கிடையாது. எவ்வளவு வெளுத்தாலும் உட்காரும் இடத்தில் ஒரு மங்கல் நிற்கும், நகக்கண்ணில் நிற்கும், காது மடிப்பில் நிற்கும். கல்யாண வீடுகளில் அவர் சோபாவை விட்டுவிட்டு மர நாற்காலியாகப் பார்த்து உட்காருவது அதனால்தான். சொந்தக்காரர்கள் அதை அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். அவரும் மறுத்ததில்லை. எதிரே ஒரு லாரி முதலாளி செல்போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கணவன் மனைவி இருவர், அவள் மடியில் ஒரு எக்ஸ்ரே கவர். சூரம்பட்டி நால்ரோட்டுப் பக்கம், மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல் மாடி. படியேறும்போதே போர்டைப் படித்திருந்தார்: இன்சூரன்ஸ் புரோக்கர்ஸ். அந்தக் கடைசிச் சொல்லில் கால் ஒரு படி தயங்கியது. காலையில் டீக்கடையில், எங்கே கிளம்பிட்டீங்க என்று மண்டியில் எடை போடும் மாரப்பன் கேட்டபோது, ஒரு புரோக்கரைப் பார்க்கோணும் என்று வாய் தவறிவிட்டது. "மாட்டுக்குங்களா, பூமிக்குங்களா? பொண்ணுக்குன்னா வீட்டுல அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லிப்போட்டுப் போங்" என்றான் மாரப்பன். பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரிப்பு அடங்கியபோது ஒன்று மட்டும் அடங்கவில்லை. தானும் அதேதானே? விவசாயி மூட்டையைக் கொண்டுவந்து இறக்குகிறான், வாங்குகிறவன் வருகிறான், நடுவில் நின்று விலை பேசிக் கமிஷன் வாங்குகிற ஆளுக்கு வேறென்ன பெயர்? ஆனால் ஊரில் யாரும் அவரை அப்படிச் சொன்னதில்லை. மண்டிக்காரர் என்பார்கள். அந்தச் சொல்லுக்குச் சுவர் உண்டு, கூரை உண்டு, கூரைக்குக் கீழே அடுக்கடுக்காக மூட்டை உண்டு.

கூரைக்குக் கீழே யாரோட மூட்டை? நினைப்பு அங்கே போய் முட்டியது, ஒரு மாதமாக முட்டிக்கொண்டிருக்கிற அதே இடத்தில். அவர் அதை விலக்கிவிட்டு மச்சினனைப் பற்றி நினைக்கத் தொடங்கினார், அது கொஞ்சம் சுலபம். மனைவி பாவாயியின் தம்பி லோகநாதன் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். குடோனுக்குப் பாலிசி எழுதுவது வருஷா வருஷம் அவன்தான். எழுதுவது என்றால், வீட்டுக்கு வருவான், அக்கா கையால் இரண்டு தோசை தின்பான், "மாமா, போன வருஷம் மாதிரியே போட்டுர்றனுங்" என்பான், அவர் கையெழுத்துப் போடுவார். அவன் ஒரு நாளும் குடோனுக்குள் வந்ததில்லை, தும்மல் வரும் என்று. வேறு ஆளைப் பார்க்கப் போகிறேன் என்று நேற்றுச் சொன்னபோது பாவாயி கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "ஏனுங், அவன் என்ன அன்னியனா? அவன் பண்ணாத எதைப் புதுசா வர்றவன் பண்ணிக் கிழிக்கப்போறான்?" அவளுக்குச் சொல்ல அவரிடம் பதில் இருந்தது, ஆனாலும் துண்டை எடுத்து உதறிக்கொண்டு வெளியே போனார். ஏஜெண்ட் கம்பெனியோட ஆளுங்க, புரோக்கர் உங்க ஆளு, உங்களுக்காகக் கம்பெனிகிட்டப் பேசுறவங்க, வித்தியாசம் தெரிஞ்சுக்கங்க என்று ஆடிட்டர் சொல்லியிருந்தார். நல்ல புரோக்கர் யாரு என்று நாலு பேரிடம் விசாரித்தார், விவாகரத்துக்கு வக்கீல் தேடுகிறவன் போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டு. மூன்று பேர் ஒரே பெயரைச் சொன்னார்கள். எஸ்தர் செல்வகனி. தெற்கே நாசரேத்துக்காரி, அரசாங்க இன்சூரன்ஸ் கம்பெனியில் இழப்பீட்டுப் பிரிவில் வேலை பார்த்து வெளியே வந்தவர், வளவளவென்று பேசமாட்டார், கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லாவிட்டால் அடுத்ததைக் கேட்கமாட்டார். அந்தக் கடைசி விஷயத்தைத்தான் சென்னியப்பன் இரவெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தார்.

லாரி முதலாளி உள்ளே கூப்பிடப்பட்டார். மின்விசிறி மேலே ஏதோ ஒரு தகட்டில் பட்டுப் பட்டுச் சுற்றியது. டக், டக். இன்னொரு மண்டிக்காரரான அர்த்தநாரியின் குடோன் எரிந்தபோது கூரைத் தகடுகள் இப்படித்தான் சத்தம் போட்டன, இதைவிட மெதுவாக, விரல் சொடுக்குவது போல. மாரியம்மன் நோன்பு முடிந்து ஒரு வாரம். அடுத்த தெருதான். அவர் ஓடிப் போனபோது புகை மஞ்சளாக இல்லை, கறுப்பாக இருந்தது. அது ஏனோ அவருக்கு ஆச்சரியமாக இருந்தது, அந்த நேரத்திலும். வாசனை மட்டும் விடவில்லை. ஊர் முழுக்க யாரோ சமைக்கிற மாதிரி ஒரு வாசனை. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே நின்றார்கள். வெட்கக்கேடு, அவருக்கே ஒரு கணம் பசித்தது. அர்த்தநாரி வாய்க்காலோரம் உட்கார்ந்திருந்தார், செருப்பில்லாமல், ஒரு கால் மட்டும் நனைந்து. நாலாம் நாள் இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து சர்வேயர் வந்தார். சின்னப் பையன் போல முகம், பெரிய ஷூ. எரிந்ததும் நனைந்ததுமாகக் கிடந்த குவியலைப் பார்த்துக் கேட்டார்: இது யாரோட சரக்கு? சென்னியப்பன் பக்கத்தில் நின்றிருந்தார். அர்த்தநாரி சொன்னார்: "நம்ம சரக்குதானுங்க." வேறு யாராக இருந்தாலும், சென்னியப்பனாக இருந்தாலும், அதையேதான் சொல்லியிருப்பார்கள். மண்டியில் வேறு விதமாகப் பேசுவதில்லை. விலை ஏறட்டும் என்று ஒரு விவசாயி விட்டுவிட்டுப் போன மூட்டையை அவன் முகத்துக்கு நேராக 'உங்க சரக்கு' என்று சொன்னால், எடுத்துக்கொண்டு கிளம்பு என்று அர்த்தம். உறவில் விரிசல் விழுந்தவர்கள்தான் உங்க, எங்க என்று பிரித்துப் பேசுவார்கள். நம்ம மூட்டை, நம்ம விரலி மஞ்சள், நம்ம கிழங்கு. போன வருஷம் நம்மளுது கொஞ்சம் வண்டு அடிச்சுப்போச்சுங்க. அடித்தது விவசாயியின் மூட்டையில், சொல்வது மண்டிக்காரர், கேட்டுக்கொண்டு உச்சுக்கொட்டுவது அந்த விவசாயி. பிறகு கம்பெனி கணக்குப் பார்த்தது. வாங்கியதற்குப் பில் எங்கே? இருந்த பில் கால்வாசிக்குக்கூட வரவில்லை. மீதி யாருடையது என்று கேட்டபோது அர்த்தநாரி உள்ளதைச் சொன்னார், விவசாயிகளுடையது, விற்றுத் தரச் சொல்லி வைத்திருந்தது. அப்படியென்றால் இது இந்தப் பாலிசியில் சேராது, இதில் சொந்தச் சரக்கு என்று மட்டும் எழுதியிருக்கிறது என்றார்கள். பொய் சொல்லவில்லை யாரும். கம்பெனி சொன்னதும் சரி, அர்த்தநாரி சொன்னதும் சரி. இப்போது அர்த்தநாரி திருப்பூரில் மகள் வீட்டில் இருக்கிறார். அவர் வீட்டு வாசலில் சிவகிரிப் பக்கத்து விவசாயிகள் பத்து நாள் உட்கார்ந்திருந்தார்கள், சத்தம் போடாமல். கூச்சல் போட்டிருந்தால் அவர் தாங்கியிருப்பார் என்று சென்னியப்பனுக்கு ஒரு எண்ணம். ஒருத்தர் தண்ணீர் கேட்டாராம், அர்த்தநாரியின் மனைவி கொண்டுவந்து கொடுத்தாளாம், குடித்துவிட்டுச் சொம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது "நம்ம மண்டின்னு இருந்தமுங்க அம்மிணி" என்றாராம். அவ்வளவுதான். மறுநாள் அர்த்தநாரி ஊரைவிட்டுப் போனார்.

கணவனும் மனைவியும் உள்ளே போனார்கள். இனி அவர்தான். எழுந்து போய்விடலாம், கீழே கண்ணாடிக் கடையில் ஒரு பிரேம் பார்த்துவிட்டு வந்தேன் என்று பாவாயியிடம் சொல்லலாம், லோகநாதன் போன வருஷம் மாதிரியே போட்டுவிடுவான், தும்மலுக்குப் பயந்த பையன். குடோனில் இருப்பதில் தன்னுடையது எவ்வளவு என்று அவருக்குத் தெரியும். வடக்குச் சுவரோரம் அடுக்கிய ஒரே ஒரு அட்டி மூட்டை. மற்றதெல்லாம், மற்றதெல்லாம் நம்மளுது. கொடுமுடி நல்லாத்தாள் மூட்டைகளில் பச்சை மையில் ஒரு வட்டம். அவள் புருஷன் போன பிறகு தனியாகப் பயிர் வைத்து எடுத்தது. விலை விழுந்திருக்கிறது, இப்போ விக்காதீங்க என்று அவர்தான் சொன்னார், வைத்திருக்கிறாள். வெள்ளிக்கிழமைகளில் டவுனுக்கு வந்தால் மண்டிக்குள் நுழைந்து அந்த அட்டியை ஒரு தரம் தொட்டுவிட்டுப் போவாள், கன்றுக்குட்டியைத் தொடுகிற மாதிரி. விலை என்னங்க என்று கேட்கக்கூட மாட்டாள். சிவகிரிப் பெரியண்ணன் இரண்டு வருஷத்து விரலியை வைத்திருக்கிறான், மகளுக்கு மாப்பிள்ளை அமைகிற அன்று விற்பதாக. இவர்களில் ஒருவரிடமும் ஒரு காகிதம் கிடையாது. காகிதம் கேட்டவர்களும் இல்லை, கொடுக்கத் தோன்றியதும் இல்லை. இருந்ததெல்லாம் அவருடைய தலைக்குள். அதில் அவருக்குப் பெருமை உண்டு. மூட்டை மாறியது என்று முப்பத்தெட்டு வருஷத்தில் ஒரு சொல் வந்ததில்லை. ஆனால் இப்போது கம்பெனிக்கு உள்ளதைச் சொன்னால், அவர்கள் சும்மா விடுவார்களா, பேர் கேட்பார்கள், கையெழுத்துக் கேட்பார்கள். நல்லாத்தாளின் முன்னால் ஒரு பேப்பரை நீட்டி இது உன்னுடையது, என்னுடையது இல்லை என்று சொல்லவேண்டும். எப்படிச் சொல்வது? சொன்னால் அவள் என்ன நினைப்பாள்? மண்டிக்காரர் கை கழுவுகிறார் என்று. அர்த்தநாரிக்கு ஆனதற்கு அப்புறம் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு பேப்பர் போதும், சிவகிரி வரைக்கும் போகும், கொடுமுடி வரைக்கும் போகும், சென்னியப்பனுக்கு ஏதோ ஆகிப்போச்சு. சொல்லாமல் விட்டால் ஒன்றும் நடக்காது. இத்தனை வருஷம் நடக்கவில்லை. நடந்தால்? நடந்தால் அவள் வந்து தொட அங்கே என்ன இருக்கும்? மின்விசிறி டக், டக். குடோனுக்குள் யாரும் தீ என்ற சொல்லைச் சொல்வதில்லை. மாரப்பன்கூட விளக்கை அணைக்கவேண்டுமென்றால் மலையேத்து என்றுதான் சொல்வான். சொல்லாவிட்டால் வராது என்று நம்பித்தானே இருந்தோம், அர்த்தநாரி குடோனிலும் யாரும் சொன்னதில்லையே.

"அண்ணாச்சி, வாங்க." கதவருகே எஸ்தர் செல்வகனியே நின்றிருந்தார். ஐம்பது வயதிருக்கும், கழுத்தில் மெல்லிய சங்கிலி, கையில் பாதி குடித்த டம்ளர். அண்ணாச்சி என்ற சொல் சென்னியப்பனுக்கு விசித்திரமாக இருந்தது. ஈரோட்டில் மளிகைக் கடைக்காரரைத்தான் அப்படிக் கூப்பிடுவது. எழுந்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார். லேசாகத் தடம் இருந்தது. எஸ்தரும் பார்த்தார். "மஞ்சள்தான, மங்கலம். உக்காருங்க" என்று உள்ளே காட்டிய நாற்காலி கறுப்பு, அது நல்லதாகப் போயிற்று. குடோன் எங்கே, எத்தனை வருஷக் கட்டடம், கூரை என்ன, மின் இணைப்பு எப்போது மாற்றியது, பூச்சி மருந்து எங்கே வைக்கிறீர்கள், அவர் கேட்கக் கேட்கச் சென்னியப்பன் சொல்லிக்கொண்டே வந்தார். பதில்கள் தன்னால் வந்தன. சுலபமாகத்தான் இருக்கிறது என்று தோள் தளர்ந்தது. "தீப்பிடிச்சா தண்ணி வசதி?" என்றார் எஸ்தர், உப்பு இருக்கா என்று கேட்பது போல. சென்னியப்பன் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார், அந்தச் சொல் யார் காதிலாவது விழுந்ததோ என்று. போர் இருக்குங்க என்றார். "சரி. உள்ள இருக்கிற சரக்கு?" "நம்ம சரக்குதானுங்க." எஸ்தர் எழுதிக்கொண்டார். பேனா சின்னதாக ஒரு சத்தம் போட்டது. முடிந்தது. அவ்வளவுதானா? ஒரு மாதம் தூக்கமில்லாமல் வைத்திருந்தது வாய்க்குள்ளிருந்து நடந்து வெளியே போய்விட்டது, நம்ம சரக்கு, வாய்க்கு அந்த வழி மட்டும்தான் தெரியும்.

ஆறுதலா என்று தேடிப் பார்த்தார். ஆறுதல் மாதிரி ஒன்று இருந்தது. பேச்சை வேறு பக்கம் திருப்புகிறவராக, "உங்களுக்கு நான் என்னங்க தரோணும்?" என்றார். "நீங்க ஒண்ணும் தரவேண்டாம். எனக்குக் கம்பெனி குடுத்துரும்." "அப்ப நீங்க கம்பெனி ஆளுதானுங்க? எங்க மச்சினன் மாதிரியே." சொன்ன பிறகுதான் அதில் குத்தல் இருப்பது தெரிந்தது. எஸ்தர் கோபித்துக்கொள்ளவில்லை. டம்ளரில் மீதி இருந்ததைக் குடித்துவிட்டுக் கேட்டார்: "உங்க மண்டியில கமிஷன் யாரு தாராங்க, அண்ணாச்சி?" "வாங்குற வியாபாரிங்க." "அப்ப நீங்க வியாபாரி ஆளா?" "அதெப்படிங்க! நான் விவசாயி ஆளு" என்றார் சென்னியப்பன், மாரப்பனிடம் சொல்லும் குரலில், மேசையில் கை தட்டாத குறையாக. எஸ்தர் தலையசைத்தார், சரி என்பது போல, அடுத்த காகிதத்தை எடுத்தார். அவர் வேறெதுவும் நினைத்துக் கேட்டதாகத் தெரியவில்லை. ஆனால் சென்னியப்பன் தன் குரலைக் கேட்டார். விவசாயி ஆளு. நல்லாத்தாள் ஆளு, பெரியண்ணன் ஆளு. அவர்கள் ஆள் இங்கே உட்கார்ந்து அவர்களுக்காக என்ன பேசினான்? அவர்கள் மூட்டையை எல்லாம் தன் பெயரில் எழுதி வைத்தான். நம்ம என்று அவர்களிடம் சொல்லும்போது அதில் அவர்கள் இருந்தார்கள். இந்த மேசையில் சொன்னபோது அவர்கள் இல்லை. ஒரே சொல், வாயும் அதே வாய். வாசலில் உட்கார்ந்து சொம்பைத் திருப்பிக் கொடுத்தவரின் கை எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தார். நகக்கண்ணில் மஞ்சள் இருந்திருக்கும். எல்லோருக்கும் இருக்கும்.

"அம்மிணி" என்றார். மேடம் என்றுதான் கூப்பிட நினைத்திருந்தார். "அந்தச் சரக்குன்னு எழுதுனீங்கல்லங்க. அதை மாத்திப்போடுங்க. அதுல ஒரு அட்டிதான் என்னோடதுங்க. மத்ததெல்லாம் விவசாயிங்களுது. விக்கச் சொல்லி வெச்சிட்டுப் போனது." எஸ்தர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு, "போன வருஷம் பாலிசியிலயும் இப்படித்தான் இருக்கா?" "எல்லா வருஷமுங்க." "ம்." அந்த 'ம்'மில் லோகநாதனும் தானும் ஒன்றாக உட்கார வைக்கப்பட்டதாகச் சென்னியப்பனுக்குப் பட்டது. "நம்மன்னு சொன்னா எங்க ஊர்லயும் ஊரெல்லாம் அடங்கும் அண்ணாச்சி. கம்பெனிக்காரன் அப்படிப் படிக்கமாட்டான். அடுத்தவங்க சரக்கு உங்க பொறுப்புல இருக்குன்னு தனியா ஒரு வரி போடணும். போட்டா அதுக்கும் சேத்துத் தருவான், வாங்கி அவங்களுக்கு நீங்க குடுக்கலாம். போடாட்டி அவங்க சரக்கு அங்க இல்லாத சரக்கு." "போட்டுருங்க." "போடுதேன். ஆனா நாளைக்கு எதுனா ஆச்சுன்னா எது யாரோடதுன்னு காட்டணும். ஆளுக்கொரு சீட்டுக் குடுங்க. பேரு, ஊரு, எத்தனை மூட்டைன்னு எழுதி, அவங்க கையெழுத்து, உங்க கையெழுத்து." "வாய்ச் சொல்லுக்கு ஆகாதுங்களா? நான் கரெக்டாச் சொல்லுவனுங்க. ஒரு மூட்டை மாறாது." "நீங்க சொல்லுவீங்க. சொல்லுறதுக்கு நீங்க இருக்கணும்லா" என்றார் எஸ்தர். பிறகு, கடுமையாகச் சொல்லிவிட்டோமோ என்று நினைத்தவர் போல, "காப்பி குடிக்கீங்களா?" என்று கேட்டார்.

காப்பி வந்தது. சென்னியப்பன் அதை மெதுவாகக் குடித்தார். சீட்டுக் கொடுத்தால் பயப்படுவார்கள் என்று சொல்லிப் பார்த்தார். எஸ்தர் மறுக்கவில்லை. "பயப்படுவாங்க. எங்க அப்பாவுக்குக் கடக்கரையில மீன்பிடி வள்ளம் இருந்துச்சு. கூட்டாளிங்ககிட்ட எழுதி வாங்குன அன்னைக்கு ரெண்டு பேரு பேச்சை நிறுத்திட்டாங்க." "அப்புறம்?" "அப்புறம் ஒண்ணும் இல்ல. பேசவே இல்ல." ஏதாவது நல்ல முடிவாகச் சொல்லுவார் என்று எதிர்பார்த்த சென்னியப்பன் டம்ளரை வைத்தார். இந்த அம்மிணி தனக்குச் சாதகமாகக்கூட ஒரு வார்த்தையை வளைக்கமாட்டாள், அதற்குத்தானே மூன்று பேர் இவள் பெயரைச் சொன்னார்கள். நாளைக்கு மாரப்பனிடம் சீட்டுப் புத்தகம் அடிக்கச் சொல்லவேண்டும். முதலில் யாருக்குக் கொடுப்பது? பெரியண்ணனுக்கா? அவன் கேள்வி கேட்பான். நல்லாத்தாளுக்குக் கொடுத்தால் அவள் கேள்வியே கேட்கமாட்டாள், அது இன்னும் மோசம். என்ன சொல்லிக் கொடுப்பது என்று மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். இது உங்க நல்லதுக்குத்தானுங்க. கூடாது, அப்படித்தான் ஏமாற்றுகிறவன் ஆரம்பிப்பான். கவர்மெண்டு கேக்குதுங்க. அது பொய். படியிறங்கித் தெருவுக்கு வந்து, வெயிலில் கண் கூசி நின்றபோதும் அந்த வாக்கியம் அமையவில்லை. ஒரு மினி பஸ் கொடுமுடி, கொடுமுடி என்று கூவிக்கொண்டு போனது. கையைக் காட்டி நிறுத்தி ஏறிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தார். பிறகு மண்டிப் பக்கமாக நடந்தார்.

ஜூன் கடைசி வாரத்தில் சீட்டுகள் கொடுக்கப்பட்டன. பெரியண்ணன் தன்னுடையதைப் பள்ளிக்கூடத்தில் படிக்கும் சின்ன மகளிடம் கொடுத்து இரண்டு முறை படிக்கச் சொன்னான். மறுநாள் வண்டியோடு வந்தான். "தப்பா நினைக்காதீங், வீட்டுலயே இடம் இருக்குதுங்க" என்றான். வீட்டில் இடம் இல்லை என்பது இருவருக்கும் தெரியும். அடுத்தடுத்து வண்டிகள் வந்தன. நல்லாத்தாள் கைநாட்டு வைத்துவிட்டு விரலை முந்தானையில் துடைத்தாள். "எங்களை அன்னியம் பண்ணிப்போட்டீங்களே" என்றாள். சென்னியப்பன் மைப்பெட்டியை மூடினார். அவள் மூட்டைகளையும் மாரப்பன் எடை போட்டு வண்டியேற்றினான், எல்லாம் சரியாக இருந்தது.

2014 ஜூலை 17, வியாழக்கிழமை, விவசாயிகளின் சரக்குக்கும் சேர்த்து எழுதப்பட்ட பாலிசி தபாலில் வந்தது. அன்று குடோனில் வடக்குச் சுவரோரத்து அவருடைய அட்டி மட்டும் இருந்தது.